பங்குனியில் இரண்டு சனிக்கிழமை: கனடாவிலுள்ள எங்கள் ஊர் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபையிலுள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும்,

கடந்த மார்கழியில் நடந்த உங்கள் பொதுக்கூட்டத்தில், புதிதாக வந்த நாலைந்து பேர் எழுந்து ஒரு கோரிக்கை வைத்தார்கள். வருமான வரிக் காலத்தில் ஒன்றிரண்டு நாள் மண்டபத்தைத் திறந்து, புதியவர்களுக்குத் தமிழில் விளக்கி, படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள் என்று கேட்டார்கள். "வரி அவரவர் சொந்த விசயம், ஒன்றியம் ஊருக்கு உதவத்தான் இருக்கு" என்று சொல்லி அதை ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டீர்கள். பிறகு ஊர் வாசலில் வரவேற்பு வளைவு கட்ட நிதி சேர்ப்பது பற்றி ஒரு மணித்தியாலம் பேசினீர்கள். எழுந்து கேட்டவர்களில் ஒருவர் என் கணவர். வளைவு வரப்போகிற ஊரில் இருந்துதான் நான் எழுதுகிறேன்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போய் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. வன்னியின் வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் இந்தக் கதை பொருந்தும்.

நான் முன்பள்ளி ஆசிரியை. எங்கள் முன்பள்ளிக் கூரை நீங்கள் போட்டுத் தந்தது. அதற்கு முன் மழை வந்தால் பிள்ளைகளை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த நன்றி மனதில் இருக்கிறது. ஆனால் மார்கழியில் நீங்கள் எடுத்த முடிவு பிழை. அது ஏன் பிழை என்று எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

என் கணவர் 2023 மே மாதம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார். வேலை அனுமதி வந்ததும் ஸ்காபரோவில் பாண் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. அடுத்த வருடம் மாசியில் ரி4 என்ற, வருடச் சம்பளத்தைக் காட்டுகிற கடதாசி வந்தது, பதினாறாயிரம் டொலர் சொச்சம். ஏப்ரல் 30க்குள் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். யாரிடம் போவது என்று உங்களில் ஒருவரிடம்தான் கேட்டார். நீங்கள் காட்டிவிட்ட ஆளிடம்தான் போனார்.

பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்ததாம். கூலி 150 டொலர். கேட்ட கேள்விகள் மொத்தம் நாலைந்து. "வாறதுக்கு முதல் அங்க வருமானம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டிருக்கிறார். "வயல் இருந்தது, காலபோகம் வெட்டி நெல் வித்தனான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் வருமானத்தில வராது." அடுத்தது மனைவி. "முன்பள்ளியில படிப்பிக்கிறா, பதினையாயிரம் ரூபா வரும்." "அது ஒரு காசா? சைபர் எண்டு போடுவம்." கடைசியாக ரி183 என்று ஒரு தாளில் கையெழுத்து. கணக்கை இணையவழியில் அனுப்ப அவருக்கு அதிகாரம் கொடுக்கிற தாள் அது. அதிலுள்ள எண்கள் சரி என்று கையெழுத்துப் போடுகிறவர்தான் பொறுப்பேற்கிறார். இவருக்கு அது அப்போது தெரியாது.

இரண்டு பொய்யும் ஏன் சொல்லப்பட்டன என்று பிறகு நாங்களே இருந்து படித்துத்தான் விளங்கிக்கொண்டோம். 2023ஆம் ஆண்டு முழுவதும் கனடாவில் இருந்த ஒருவருக்கு மத்திய அரசின் வரியில் அடிப்படைக் கழிவு 15,000 டொலர். இடையில் வந்தவருக்குப் பொதுவாக அவர் அங்கே இருந்த நாட்களின் கணக்குக்குத்தான் அது கிடைக்கும். மே 10ஆம் திகதி வந்தவர் என்றால் 236 நாள், ஏறத்தாழ 9,700 டொலர். வருவதற்கு முன் அந்த வருடத்தில் ஒரு வருமானமும் இல்லை என்றால் முழுத் தொகையும் கேட்கலாம். அதற்காகத்தான் எங்கள் நெல்லுக் காசு மறைக்கப்பட்டது. மாசி கடைசியில் வெட்டி, வீட்டு முற்றத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கி, வியாபாரி வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போன நெல். அதை வருமானம் இல்லை என்று சொல்ல ஒரு விவசாயிக்கு எப்படி வாய் வரும்? இவர் சொல்லவில்லை. எழுதியவர் எழுதிவிட்டார்.

மற்றது, மனைவிக்கான கழிவு. கணவனின் உழைப்பில் தங்கியிருக்கும் மனைவி வெளிநாட்டில் இருந்தாலும் அதைக் கேட்கலாம். மனைவிக்கு வருமானம் இருந்தால் அந்தளவு அதிலிருந்து குறையும். இவர் போன பிறகு அந்த வருடம் எனக்குக் கிடைத்த சம்பளம் முழுவதையும் டொலராக்கினால் ஐந்நூறைத் தாண்டாது. அந்த ஐந்நூறை எழுதியிருந்தால் எங்களுக்குப் பெரிய நட்டம் ஒன்றும் வந்திராது. கழிவின் பெரும்பகுதியைச் சட்டப்படியே கேட்டிருக்கலாம். சைபர் என்று போட்டதால்தான் எல்லாமே சந்தேகத்துக்கு இடமானது.

ஒரு நாள் விடிய அடுப்பு மூட்டிக்கொண்டு இருக்கிறேன், இவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அங்கே அவருக்கு இரவு ஏழு மணி, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். கனடா வருமான வரித் திணைக்களம், எல்லாரும் சி.ஆர்.ஏ என்று சொல்வது, அனுப்பிய கடிதம். அவர் இருக்கும் பேஸ்மென்ற் வீட்டில் ஆறு பேருக்கு ஒரு தபால்பெட்டி. கடிதம் அதற்குள் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாது. திகதியைப் பார்த்தால், பதில் கொடுக்கத் தந்த 30 நாளில் பாதி போய்விட்டது. "உம்மட சம்பளச் சிட்டை வேணுமாம், நான் உமக்கு அனுப்பின காசுக்கு ஆதாரமும் வேணுமாம்" என்று குரல் பதிவு போட்டிருந்தார். அவருடைய குரல் நடுங்கினதை நான் அதற்கு முதல் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

பக்கத்துப் பள்ளிக்கூட ஆங்கில ரீச்சரிடம் படத்தைக் கொண்டு ஓடினேன். அனுப்பியவர் பெயர், பெற்றவர் பெயரும் முகவரியும், திகதி, தொகை எல்லாம் தெரிகிற மாதிரி ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஆதாரம் வேண்டும் என்று அதில் இருந்தது. என்னிடம் இருந்தது 80 பக்கக் கொப்பி ஒன்று. அண்ணன்மாரே, காசு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். உண்டியல். ஸ்காபரோவில் ஒரு கடையில் கொடுத்தால், அடுத்த நாள் இங்கே ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து, படலையில் நின்று என் பெயரைச் சரிபார்த்து, திண்ணையில் இருந்து எண்ணித் தருவான். வங்கியை விட ஒரு டொலருக்கு ஒன்றிரண்டு ரூபா கூட வரும். துண்டு கிடையாது. நான் கொப்பியில் திகதி போட்டு, தொகை எழுதி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு இவ்வளவு, கடன் கட்டினது இவ்வளவு என்று ஒரு சதம் விடாமல் எழுதி வைத்திருந்தேன். அந்தக் கொப்பியை யாரும் ஆதாரமாக எடுக்கவில்லை.

கழிவு வெட்டப்பட்டது. நெல்லுக் காசையும் அவர்கள் கேட்டபோது இவர் உண்மையைச் சொன்னார். 2025 மாசியில் மறுமதிப்பீடு வந்தது: தொள்ளாயிரத்துச் சொச்சம் டொலரும் வட்டியும் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி நாளுக்கு நாள் கூட்டப்படுகிறது. எங்கள் காசுக்கு இரண்டு லட்சம் ரூபாவுக்குக் கிட்ட. என் ஒரு வருடச் சம்பளத்தை விடக் கூட. ஆட்சேபனை தெரிவிக்க 90 நாள் இருந்ததாம். அது முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எழுதிக் கொடுத்தவரிடம் இவர் போய்க் கேட்டதற்கு, "கையெழுத்து உம்மடதானே" என்றாராம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

எங்கள் ஆட்களுக்குக் கடதாசியைப் பத்திரப்படுத்தத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2009இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடமாக ஓடும்போது, சட்டி பானையை விட்டோம், மாட்டை விட்டோம். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டுதான் வந்தோம். அதுவும் தொலைந்தவர்கள் மெனிக் முகாமில் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும். முகாமில் தந்த பதிவுத் துண்டை இன்றைக்கும் பெட்டிக்குள் வைத்திருக்கிறவள் நான். எந்தக் கடதாசி தேவை என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், அது எங்களிடம் இருந்திருக்கும். வங்கிக்குப் போய் வர எனக்கு ஒரு பஸ் போதும்.

இது எங்கள் வீட்டோடு முடியவில்லை. மார்கழிக் கூட்டத்துக்குப் பிறகு நான் ஊருக்குள் நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தேன்.

படிக்கப் போன பிள்ளை ஒன்று முதல் வருடம் வரிக் கணக்கே கொடுக்கவில்லை. "உனக்கு வருமானம் இல்லை, ஏன் கொடுப்பான்?" என்று யாரோ சொன்னார்களாம். வருமானம் இல்லாதவரும் கொடுத்தால்தான் குறைந்த வருமானக்காரருக்கு அரசு தருகிற ஜி.எஸ்.ரி காசு போன்ற உதவிகள் வரும், கட்டின படிப்புக் கட்டணத்தைப் பின்னால் வருகிற வருடங்களுக்குக் கழிவாகக் கொண்டுபோகலாம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. தாய் தோட்டத்தை ஈடு வைத்து அனுப்பின பிள்ளை அது.

இரண்டு பிள்ளைகளோடு நிரந்தர வதிவிட உரிமையில் போன குடும்பம் ஒன்று. பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு ஆர்.சி.66 என்ற படிவத்தைப் போன உடனேயே போட்டிருக்கலாம். கூடவே வர முன்னம் இருந்த வருமானத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த சித்திரையில் வரிக் கணக்குக் கொடுத்த பிறகுதான் காசு வரும் என்று நினைத்து அவர்கள் காத்துக்கொண்டு இருந்தார்கள். பின்தேதியிட்டுக் கேட்டு வாங்கினார்கள், சரி. ஆனால் அந்த முதல் குளிர்காலத்தைக் கடன் வாங்கி ஓட்டினார்கள். அந்தக் கடனில் ஒரு பகுதி இங்கே என் சித்தியின் நகை.

மூன்றாவது உங்களுக்கு இன்னும் கிட்டவானது. எனக்குத் தம்பி முறையான ஒருவர் ஒன்றியத்துக்கு 250 டொலர் கொடுத்தார். பற்றுச்சீட்டைக் கொடுத்தவர், "இதை டக்ஸுக்குக் காட்டலாம்" என்று சொன்னாராம். அவரும் காட்டினார். ஒன்றியம் கனடாவில் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை. அப்படிப் பதிவு செய்தவர்களின் துண்டில்தான் பதிவு இலக்கம் இருக்கும், சி.ஆர்.ஏயின் பெயரும் இணைய முகவரியும் இருக்கும். மற்றத் துண்டுகள் செல்லாது. ஊருக்கு நல்லது செய்யக் காசு கொடுத்த பொடியன் இப்போது பொய்த் துண்டு காட்டியவன் என்று பெயர் எடுத்து நிற்கிறான். உங்களில் யாரும் அவனுக்காக ஒரு கடிதம் கூட எழுதிக் கொடுக்கவில்லை.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. எங்களுக்குக் கணக்கு எழுதியவரின் விளம்பரம் உங்கள் ஆண்டு மலரின் பின்னட்டையில் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. ஒன்றுகூடலுக்கு அவர் காசு தருகிறார். அதற்காகத்தான் இலவச உதவியை மறுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அது தெரியாது. ஆனால் புதிதாக வந்த ஒருவன் அந்தப் பின்னட்டையைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காட்டிய ஆள் என்று நம்பித்தான் போகிறான். அந்த நம்பிக்கை உங்கள் பெயருக்கானது. அதற்கு நீங்கள் பொறுப்பு.

வரி சொந்த விசயம் என்கிறீர்கள். ஒருவன் எவ்வளவு உழைக்கிறான் என்பது சொந்த விசயம்தான். ஆனால் போய் இறங்கி ஒரு மாதத்துக்குள் அவனுடைய தொலைபேசி இலக்கத்தை எடுத்துச் சந்தாவுக்கு அழைக்கிறீர்கள், திருவிழா உபயத்துக்கு அழைக்கிறீர்கள், இப்போது வளைவுக்கும் அழைக்கிறீர்கள். கொடுக்கிற காசு ஊர் விசயம், அந்தக் காசைக் கொடுக்கிற நிலையில் அவன் இருக்கிறானா என்பது சொந்த விசயமா? தொள்ளாயிரம் டொலர் கடனைத் தவணையில் கட்டுகிற மனிதரிடம் வளைவுக்கு 300 டொலர் கேட்டு இரண்டு தடவை அழைப்பு வந்தது. இவர் கொடுத்தார். ஊரில் மனைவி பிள்ளை இருக்க, இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

செய்ய முடியாத ஒன்றை யாரும் கேட்கவில்லை. சி.ஆர்.ஏயே சமூகத் தொண்டர் வருமான வரித் திட்டம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. ஒரு சமூக அமைப்பு அதில் பதிவு செய்தால், குறைந்த வருமானமும் சிக்கல் இல்லாத கணக்கும் உள்ளவர்களுக்குத் தொண்டர்கள் இருந்து இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். தொண்டர்களுக்குப் பயிற்சியும் மென்பொருளும் அவர்களே தருகிறார்கள். பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களில் நடக்கும். உங்களுக்கு மண்டபம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் கணக்கியல் படித்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் மலரிலேயே படத்தோடு போட்டிருக்கிறீர்கள். புதியவனின் நெல்லுக் காசும் மனைவியின் சம்பளமும் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று தமிழில் கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவும்.

மார்கழியில் எடுத்த முடிவை மாற்றுங்கள். இந்தப் பங்குனியில் குறைந்தது இரண்டு சனிக்கிழமை மண்டபத்தைத் திறந்து, அந்தத் திட்டத்தின் கீழ் இலவச உதவி செய்யுங்கள். இந்த வருடத்துக்குப் பதிவு செய்ய நேரம் போதாது என்றால், ஏற்கெனவே நடத்துகிற அமைப்பு எதுவென்று விசாரித்து, புதியவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். கூட ஒருவர் இருந்து மொழிபெயர்த்தால் போதும். வேலை செய்கிற இடத்தில் ரி4 தராமல் கொன்ராக்ட் என்று காசு கொடுக்கிறவர்களிடம் அகப்பட்ட பொடியள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சுயதொழில் கணக்கு என்று அதை அந்த இலவச இடங்களில் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். அவர்களுக்குப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் இருந்தாலும், கட்ட வேண்டிய காசை ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி, நேர்மையான கணக்காளர் ஒருவரிடம் அனுப்புங்கள்.

அந்த விளம்பரத்தை அடுத்த மலரில் போடாதீர்கள். இனி யாரையாவது நீங்கள் காட்டிவிடுவதானால், அவர் தன் பெயரில் படிவத்தை அனுப்புகிறவரா, அனுப்பிய பிரதியைக் கையில் கொடுக்கிறவரா என்று முதலில் பாருங்கள். எங்களுக்குப் பிரதி தரப்படவில்லை. ஆதாரங்களை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சொல்லப்படவில்லை.

ஒன்றியத்தின் பற்றுச்சீட்டில், "இது வரிக் கழிவுக்குச் செல்லாது" என்று தமிழில் ஒரு வரி அச்சடியுங்கள். என் தம்பி முறையானவருக்கு, அந்தத் துண்டு எப்படிக் கொடுக்கப்பட்டது என்று விளக்கி, தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். அவர் அதைச் சி.ஆர்.ஏக்கு அனுப்பக் காத்திருக்கிறார்.

இங்கே இருக்கிற குடும்பங்களோடும் ஒரு தடவை பேசுங்கள். மாசியில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொன்னால், முன்பள்ளி மண்டபத்தில் நான் ஆட்களைக் கூட்டி வைக்கிறேன். காசை வங்கி வழியாக எடுங்கள், துண்டை வையுங்கள், சம்பளச் சிட்டையையும் நெல் விற்ற கணக்கையும் ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை எழுதுங்கள், திருமணப் பதிவின் ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதே எடுத்து வையுங்கள் என்று உங்களில் ஒருவர் திரையில் வந்து சொன்னால், அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகள் எங்கள் ஊரில் முப்பதுக்கு மேல். எல்லாரும் வருவார்கள், அதற்கு நான் பொறுப்பு.

வேலையாலோ வேறு காரணத்தாலோ புதிதாக வந்தவர்களிடம் அவர்களுடைய முதல் வரிக் கணக்கு முடிந்து மதிப்பீட்டுக் கடிதம் வரும் வரைக்கும் வளைவுக்குக் காசு கேட்காதீர்கள். இவரிடம் வாங்கிய 300 டொலரை நான் திருப்பிக் கேட்கவில்லை.

பதிலை என் கணவரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். நிர்வாகசபை கூடி, மாசி 15க்கு முன்னம் எழுத்தில் தாருங்கள். முன்பள்ளி முகவரி உங்களிடம் இருக்கிறது, கூரைக்குச் சாமான் அனுப்பின அதே முகவரிதான்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் முன்பள்ளி ஆசிரியை ஒருவர்